தேனீக்குத் தண்ணி வச்ச தெரு

...சங்கக் கட்டடம் திறந்தாச்சு, ரிப்பன் வெட்டியாச்சு, என்னையும் பேசச் சொல்லிட்டீங்க. பின்னால சாம்பார் வாசனை வருது, எனக்கும் மூக்கு இருக்கு. ஒரே ஒரு குட்டிக் கதை... சொல்லிட்டு இறங்கிடுறேன். முன் வரிசை பூரா வீட்டுச் சொந்தக்காரங்களா உக்காந்திருக்கீங்க பாருங்க, அதனாலதான் இந்தக் கதை.

எங்க தெரு திண்டுக்கல்லுல. போன பங்குனி, காலையில பத்து மணி. எதிர்வீட்டு சபாபதி சார் வாசல்ல ஒரு குட்டியானை வண்டி வந்து நிக்குது. கட்டில், பீரோ, மெத்தை, மிக்ஸி... எல்லாம் ஏத்தியிருக்கு. கூடவே ஒரு அம்மா, பேரு பஞ்சவர்ணம். எட்டாவது படிக்கிற அவங்க பொண்ணு. போன்லயே பேசி முடிச்சு, பழைய வீட்டைக் காலி பண்ணிட்டுச் சாமானோட வந்துட்டாங்க.

சபாபதி சார் கேட்டை முக்கால்வாசி சாத்திக்கிட்டுக் கேக்குறாரு... "ஏம்மா, வீட்டுக்காரர் எங்க? பின்னால வர்றாரா?"

"அவர் இல்லைங்க சார். நானும் பொண்ணும்தான்."

"அட, போன்ல சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கலைங்களே."

"ஆம்பளத் துணை இல்லாத குடும்பத்துக்கு நாங்க விடுறதில்லம்மா. தப்பா நினைக்காதீங்க."

தப்பா நினைக்காதீங்களாம்! மூட்டை முடிச்சோட நடுத்தெருவுல நிக்கிறவங்க வேற எப்படிய்யா நினைப்பாங்க?

அந்த நேரம் பாத்து... ஙொய்ய்ய்னு ஒரு சத்தம். எங்கிருந்தோ ஒரு தேனீக் கூட்டம் வந்து, வண்டியில இருந்த பீரோ ஓரத்துல அப்பிக்கிச்சு. பலாப்பழம் சைஸுக்குத் தொங்குது! தெருவே கதவைச் சாத்திருச்சு. இறங்கி ஓடின டிரைவர் டீக்கடையிலதான் போய் நின்னாரு. "பந்தம் கொளுத்திக் கொண்டாங்கய்யா, பொசுக்கிருவோம்"னு ஒருத்தர் கத்துறாரு. பஞ்சவர்ணம் அசையல. அவங்க சிறுமலையில தேன்பெட்டி வச்சுப் பொழைச்ச வீட்டுல பொறந்தவங்க.

"நெருப்பு வேணாங்க. சீண்டாம இருந்தா ஒண்ணும் பண்ணாது."

ஜன்னல் வழியாக் கேள்வி வருது. "கொட்டாதா?"

"காப்பாத்த ஒரு கூடு இருந்தாத்தாங்க கொட்டும். இப்ப அதுகளுக்கு வீடே இல்ல. எதுக்குக் கொட்டப் போகுது?"

"அப்ப இங்க எதுக்கு உக்காந்திருக்கு?"

"வீடு பாக்க ஆள் போயிருக்குங்க. போனதுக வந்து சொல்ற வரைக்கும் இங்கதான் இருக்கும்."

என் வாய் சும்மா இருக்குமா? நான் கேட்டேன்... "வீடு பாக்கப் போனது ஆண் தேனீயாம்மா?"

"இல்லைங்க. எல்லாம் பொம்பளைங்கதான். ஆம்பளைங்களும் கொஞ்சம் பேரு கூட வருவாங்க... சும்மா வருவாங்க."

எங்க வீட்டம்மா அடுப்படியில விழுந்து விழுந்து சிரிக்கிறா!

அவ்வளவுதான், தெருவுக்குப் பயம் போச்சு, பாசம் வந்துருச்சு. "ஐயோ பாவம், வீடில்லாம வந்திருக்கு"ன்னு ஒரு அம்மா தாம்பாளத்துல தண்ணி வைக்குது. இன்னொருத்தர் வெயில் படாம குடை விரிச்சு வைக்கிறாரு. பிள்ளைங்களை "சத்தம் போடாதே"ன்னு அதட்டுறாங்க. "எவ்வளவு நேரமானாலும் இருக்கட்டும்யா, யாரும் விரட்டாதீங்க"ன்னு ஒரு குரல்... யாரு? நம்ம சபாபதி சார்! ரெண்டு மணி நேரம்... ரெண்டு மணி நேரம் அந்தம்மாவும் பொண்ணும் அதே வெயில்ல நின்னாங்க. அவங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்க ஆளில்ல. நானும் குடுக்கல.

பன்னண்டு மணிக்கு அந்தக் கூட்டம் கிளம்பி, ஒரு சுத்து சுத்தி, கோயில் அரசமரத்துப் பொந்துக்குப் போயிருச்சு. தெருவே கை தட்டுது! பஞ்சவர்ணம் டிரைவரைக் கூப்பிட்டாங்க. "தம்பி, அதுகளுக்கு வீடு கிடைச்சிருச்சு. வண்டிய எடுங்க, நாம வேற எங்கயாச்சும் பாப்போம்."

வண்டி தெரு திரும்பினப்புறம்தான் எனக்குச் சுருக்குன்னு தைச்சுது. எங்க மாடி ஆறு மாசமா காலி! லுங்கியோட ஓடினேன். ரயில்வே கேட் சாத்தியிருந்துச்சு, என் நல்ல நேரம். மூச்சு வாங்க வண்டியப் புடிச்சேன். அந்தம்மா பதறிப் போய் கேக்குறாங்க...

"என்னங்க... தேனீ திரும்பி வந்துருச்சா?"

ஐயா... அம்மா... என்ன கேட்டாங்க பாத்தீங்களா? இந்தத் தெருக்காரன் ஓடி வந்தா தேனீக்காகத்தான் வந்திருப்பான். தனக்காக ஒருத்தன் ஓடி வருவான்னு அவங்களுக்குத் தோணவே இல்ல. எனக்கு அழுகை வந்துருச்சு. இப்ப அவங்க எங்க மாடியிலதான் இருக்காங்க. அதை தர்மம்னு சொல்லாதீங்க. ரெண்டு மணி நேரம் லேட்டா வந்த புத்தி.

நம்மளை யாரும் கல்நெஞ்சக்காரங்கன்னு சொல்லல. தேனீக்குக் குடை புடிச்ச கை கெட்ட கையா? இரக்கம் நம்மகிட்ட கொட்டிக் கிடக்கு. ஆனா அந்தத் தேனீகிட்ட யாராவது, "உன் புருஷன் எங்க? நீங்க என்ன ஆளுக? கறி சமைப்பியா?"ன்னு கேட்டமா? கேக்கல. வீடில்லைன்னு தெரிஞ்சுச்சு, அது போதும்னு இருந்தோம். நாளைக்கு உங்க வாசல்லயும் யாராவது வீடு கேட்டு வந்து நிப்பாங்க. கேட்டைத் தொறங்க. முதல்ல "தண்ணி குடிக்கிறீங்களா"ன்னு கேளுங்க. மத்ததை உக்காந்து பேசிக்கலாம்.