பிடித்து நிறுத்திய புரோகிராம்

மதியம் சாப்பிட்ட பிறகுதான் நான் டெஸ்டிங்கில் உட்காருவது வழக்கம், மேடம். வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் அவசரம் வந்துவிடும். அன்றும் தெப்பக்குளத்துப் பக்கம் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். நிதானமாக இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விருதுநகரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நாங்கள் செய்வது டீபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் பிடித்து, அப்படியே நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற கருவி. பார்த்து முடித்து விட்டுவிட்டால், அது நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓட வேண்டும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

மூன்றுக்கும் மூன்று குணம். மேக் சும்மா சும்மா அனுமதி கேட்கும். விண்டோஸில் டீபக்கரை மூடினால், பிடிபட்ட புரோகிராமும் கூடவே செத்துவிடும். லினக்ஸ் சாது. நிறுத்தினால் நின்றுகொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் உயிரோடு இருப்பதாகத்தான் தெரியும்.

லினக்ஸில் வெகுநேரம் பிடித்து வைத்த புரோகிராம், விட்டதும் கிராஷ் ஆகி விழுந்துவிடுகிறது என்று ஒரு கஸ்டமர் புகார் அனுப்பியிருந்தார். நான் ஆபீஸில் எத்தனை முறை செய்து பார்த்தும் அப்படி நடக்கவில்லை. எங்கள் டீம் லீடர் பிரீத்திகா சிரித்தார்.

“டம்மி புரோகிராம வச்சுப் பாத்தா எப்படி வரும் ஹரிஷ்? நெசமா ஓடுற எதையாச்சும் பிடிச்சுப் பாருங்க.”

அவர் மீது குற்றமில்லை. எதைப் பிடிக்கப்போகிறேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

என் சித்தப்பா சீனிவாசகத்துக்கு விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலை இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வெடிமருந்து கலக்கும் அறையில் சூடு ஏறினால் சைரன் ஊத வேண்டும். ஊதினால் எல்லோரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதியவன் நான்தான். அது செத்துப்போனாலும் சைரன் ஊதுவதற்குக் காவலாக இன்னொரு புரோகிராமும் எழுதிக் கொடுத்தேன். சித்தப்பாவுக்கு ரொம்பப் பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

முதலில் அது விண்டோஸில் இருந்தது. விருதுநகரில் உட்கார்ந்தபடியே ஒருநாள் பிடித்துப் பார்த்தேன். டீபக்கரை மூடியதும் செத்தது, காவல் புரோகிராம் சைரனை ஊதியது, எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். மருந்து அறையைப் பார்த்துக்கொள்கிற கற்பகம் அக்கா சாயங்காலம் போன் செய்து, “தம்பி புண்ணியத்துல வேப்பமரத்தடியில ஒரு டீ குடிச்சோம்” என்று சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. “சீசன் நேரத்துல வெளையாடாதலே” என்றார்.

அவர் சொன்னது நியாயம். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் அடுத்த வாரம் லினக்ஸுக்கு மாற்றினேன். காவல் புரோகிராம், மற்றது உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். நிற்கிறதா, ஓடுகிறதா என்று பார்க்காது. அதை எழுதியவனுக்கு அது தெரியாமல் இருக்குமா?

பரோட்டா சாப்பிட்ட அன்று அதைப் பிடித்தேன். அழகாக நின்றது. மருந்து அறையில் சூட்டைக் காட்டும் டிவியிலும் முப்பத்துமூன்று டிகிரி என்ற கடைசி எண் அப்படியே நின்றது. வெளியே மே மாத வெயில். நான் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் போனபின் கற்பகம் அக்காவின் போன்.

“சாப்பிட்டீகளா தம்பி? ஒண்ணுமில்ல, உள்ள வெக்கை தாங்கல. டிவியில பாத்தா முப்பத்திமூணுன்னே நிக்குது. நாங்க வேணா வெளிய வந்துறட்டுமா?”

வரலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா வெளியே வந்தால் நேரே சித்தப்பாவிடம் போவார். சித்தப்பா கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொல்வார். அவ்வளவு நேரம் பிடித்து வைத்தது வீணாகிவிடும்.

“அதுல என்ன காட்டுதோ அதுதாங்க்கா” என்றேன்.

“சரி தம்பி, நீங்க சொன்னாச் சரிதான்” என்று வைத்துவிட்டார்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை, மேடம். அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வேறு வழியாக, அறையின் சூட்டை அளக்கும் சென்சாரை நேரடியாகப் பார்த்தேன். நாற்பத்தொன்று. சைரன் ஊத வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

அடுத்து வந்தது ஆலை வாட்ச்மேன் முனியராஜ் அண்ணனின் போன்.

“தம்பி... மருந்து ரூம் வெடிச்சுப் போயிருச்சு. உள்ள ஆளுக இருந்தாக தம்பி.”

நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு புரோகிராமை விட்டேன். விழவில்லை. ஒரு தடுமாற்றமும் இல்லை. சென்சார் பதில் சொல்லாததை உடனே கண்டுபிடித்தது.

“அண்ணே, சைரன் ஊதுதா?”

“இப்பத்தான் தம்பி ஊதுது...”

“நல்லது” என்றேன். அந்த வார்த்தையை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் நினைத்த அர்த்தத்தில் நான் சொல்லவில்லை. பிறகு பிரீத்திகாவுக்கு ‘லினக்ஸ் பாஸ்’ என்று மெசேஜ் போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சித்தப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். இறந்தது கற்பகம் அக்காவோடு சேர்த்து நான்கு பெண்கள். அக்காவின் மகள் ஐஸ்வர்யா காலேஜிலிருந்து அப்படியே பையோடு வந்து நின்றிருந்தது. சித்தப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏலே, சைரன் ஏன்லே ஊதல?”

“பாக்குறேன் சித்தப்பா” என்றேன்.

ஐஸ்வர்யா என்னிடம் வந்து, “அம்மா கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்காக. என்னண்ணே சொன்னாக?” என்று கேட்டது. சாப்பிட்டீகளா என்று கேட்டார்கள் என்றேன். அது பொய்யில்லையே.

வாக்குமூலத்தில் நீங்கள் எழுதி வைத்திருப்பதெல்லாம் சரிதான். பிடித்தது நான், வெப்பம் தெரிந்தும் உள்ளே இருக்கச் சொன்னது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலை என்ற வார்த்தைதான் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. நான் நிறுத்தியது ஒரே ஒரு புரோகிராமை, மேடம். அதையும் ஒரு சேதமும் இல்லாமல் திரும்ப ஓடவிட்டுவிட்டேன்.