பழைய கார்டின் வேகம்

கொருக்குப்பேட்டைக்கு முன்னால் சிக்னலில் நின்ற மின்சார ரயிலில், கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரிடம் ஒரு பெண் சொன்னார்:

“நைனா, நெட் ஸ்பீடைப் பழையபடி கொறைச்சுடு.”

“இன்னாக்கா, விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போட்டதுலேர்ந்து ஸ்லோன்னு நீதான பேஜார் பண்ண? நெட்வொர்க் கார்டு பழசு. நூறு எம்பி ஸ்பீடுல ஓட வேண்டியதப் புது சிஸ்டம் பத்துல ஓட்டிகினு இருந்துது. சரியான டிரைவர் சாஃப்ட்வேர் போட்டு நூறாக்கிக் குட்த்தேன்.”

“உன் வேலைல கொறை இல்ல. முன்ன கப்பல்லேர்ந்து எங்க வூட்டுக்காரரு வீடியோவுல வந்தா, நெட்டு ஸ்லோவாகி சிரிச்ச மூஞ்சி அப்டியே நின்னுடும். அத்தப் பாத்துகினே சோறு துன்னுவேன்.”

“இப்போ?”

“நிக்காமப் பேசிட்டுப் பூடுறாரு.”

பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு வண்டி முழுதும் கடந்து போனது. ரிப்பேர்காரர் சொன்னார்:

“சரிக்கா. பத்துலயே உட்டுர்றேன்.”