காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு

எங்கள் வீட்டில் வருடத்தின் கடைசி நாளில் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் தூங்கப் போக மாட்டோம். அப்பா பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் ஆய்வு செய்ய நாங்கள்தான் மிச்சம். "இந்த வருஷம் என்ன உருப்படியா பண்ணினீங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்பார். முதலில் அம்மா, பிறகு நான், கடைசியாகத் தங்கை. முப்பத்து நான்கு வயதாகியும் அவள் வீட்டில் பொடிசுதான்.

பொடிசு குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். அவள் ஒரு எறும்பை வரைந்தால் அது எதற்காக அவசரப்படுகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். பதினாறு வருடத்தில் ஒரு மருந்தைக்கூட யாருக்கும் மாற்றிக் கொடுத்ததில்லை. ஒரு தடவை அப்பாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். "அது உன் கடமைம்மா. நான் கேட்டது சாதனை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில் நான் "ஒண்ணுமில்லப்பா" என்று முடித்துக்கொண்டேன். பொடிசு ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தாள். பெரிய பரிசு வாங்கிய புத்தகம். முதல் பக்கத்தில் 'என் அக்காவுக்கு' என்று அச்சாகியிருந்தது. "இது உன்னோடதும்தான்க்கா" என்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. பொடிசு என்னை மட்டமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். இதை என்ன செய்வது?

அவளுக்கு இருபத்தெட்டு வயதிலேயே கண்ணில் அழுத்தம் ஏறும் நோய் வந்துவிட்டது. காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு, ஆயுள் முழுக்க. மருந்து போட்டால் ஒரு குறையும் இல்லை. போடாவிட்டால் வலியே இல்லாமல் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது. தானே போட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழிகிறது என்று என்னிடம்தான் முகத்தைக் காட்டுவாள். கடையிலிருந்து புட்டி கொண்டுவருவதும் நான்தான்.

அடுத்து வந்த ஜனவரி முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு புட்டியிலும் இருந்த மருந்தைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரை நிரப்பினேன். கிருமி சேரக் கூடாதே என்றுதான் காய்ச்சினேன். அதில் நான் கவனமாக இருந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"எரியவே இல்லையே, புது மருந்தாக்கா?"

"கம்பெனி மாத்திட்டாங்க. அசையாம இரு."

பரிசோதனைக்குப் போக வேண்டிய தேதி வரும்போதெல்லாம் டாக்டர் ஊரில் இல்லை என்றேன். மருந்து, டாக்டர் விஷயத்தில் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஆகஸ்டில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். அக்டோபரில் மேசை ஓரத்து மைக்கூட்டைத் தட்டிவிட்டாள். அப்புறம் ஒரு நாள் வரைந்த தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, இந்த முயலுக்கு எத்தனை காது இருக்கு, பார்த்துச் சொல்லேன்." ஒரு காதுதான் இருந்தது. "ரெண்டும் அழகா இருக்கு" என்றேன். படம் அப்படியே பதிப்பகத்துக்குப் போனது.

நவம்பரில் அவளால் வேலை செய்ய முடியவில்லை. நோய் முற்றிவிட்டது, டாக்டரிடம் நானே பேசிவிட்டேன், இனி இந்தச் சொட்டைத் தவிர வழியில்லை என்று வீட்டில் சொன்னேன். நான் அரை நாள் வேலைக்கு மாறிக்கொண்டேன். கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். தட்டில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட வைத்தேன். பார்க்க வந்த சித்தி, "பெத்தவகூட இப்படிப் பார்த்துக்க மாட்டா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

இந்த முறை கடைசி நாளன்று அப்பா யாரையும் கேட்கவில்லை. "இந்த வருஷம் இந்த வீட்டுல உருப்படியா ஒண்ணு நடந்துச்சுன்னா, அது பெரியவ பண்ணினதுதான்" என்றார். பொடிசு என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டாள். "ஆமாப்பா" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவ்வளவு நிறைவான மதியம் எனக்கு வாய்த்ததில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். முயல் படத்தைப் பார்த்துக் குழம்பிப்போன பதிப்பகத்து அம்மா புது வருடத்தின் நாலாம் நாள் வந்து, அவளை வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே நர்ஸ் போட்ட சொட்டில் இரண்டே நாளில் அழுத்தம் இறங்கிவிட்டது. அதே மருந்து வீட்டில் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்று புட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். இடது கண் முழுக்கப் போய்விட்டதாம். வலதில் சாவித் துவாரம் அளவுக்கு மிச்சமிருக்கிறதாம்.

அப்பா என்னிடம் பேசவில்லை. பொடிசு மட்டும் போனில் பேசினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வரையறதையே நிறுத்தியிருப்பேனேக்கா" என்றாள். அவளிடம் எனக்குப் பிடிக்காததே இதுதான். எதையும் சுலபமாகக் கொடுத்துவிடுவாள்.

நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆஸ்பத்திரியில் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். தலையை இறுக்கிப் பின்னினால் அவளுக்கு வலிக்கும். வலிக்கிறது என்று வாய் திறக்க மாட்டாள். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள, என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?