அந்தப் பார்வை எப்படி வந்தது

சூடான விளக்குக்குப் பக்கத்திலேயே நிற்பவனுக்குப் புருவம் சரியாக வளராது. என்னைப் பார்த்தாலே தெரியும். ஸ்டுடியோவில் விளக்குப் பிடிப்பது என் வேலை. விளக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த நடிகையின் புகைப்படத்தைப் பற்றிப் புத்தகம் போடுவதாகச் சொன்னீர்கள். அந்தப் பார்வை எப்படி வந்தது என்று கேட்டீர்கள். போட்டோகிராஃபரின் கைவண்ணம் என்று ஊரே சொல்கிறது. அன்று காலையிலிருந்து அவருக்கு ஒன்றும் அமையவில்லை என்பதுதான் உண்மை. அந்தம்மா சிரித்துக்கொண்டே இருந்தார்.

"விளக்கண்ணே, வறுத்தெடுத்துட்டீங்க. உப்பு மட்டும் தூவினா தட்டுல வெச்சுடலாம்."

போட்டோகிராஃபர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இந்த மூஞ்சிய வெச்சு சோப்புதான் விக்கலாம். இன்னிக்கும் படம் அமையலன்னா ஸ்டுடியோவ மூடிடுவேன்பா. நீ வேற எடம் பாத்துக்க."

எனக்கு வேறு இடம் ஏது? மூட்டை தூக்கி இடுப்பு போன பிறகு கிடைத்த வேலை இது. வீட்டில் மனைவி படுத்த படுக்கை. மருந்து தப்பினால் அவளுக்கு மூச்சு இழுக்கும்.

விளக்கு ஆறும் நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். நடிகையின் அம்மா பேசினார். "பேத்திக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சுப்பா. அம்மா அம்மான்னு அனத்துறா. தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. என் பொண்ண ஒடனே அனுப்பு."

சொல்கிறேன் என்று வைத்துவிட்டு வந்தேன். விளக்கைப் போட்டேன். விளக்குப் பிடிப்பவன் சொல்லும் பக்கம்தான் பார்க்க வேண்டும், அது எங்கள் ஸ்டுடியோ வழக்கம்.

"இங்க பாருங்கம்மா" என்றேன். பார்த்தார்.

"உங்க பொண்ணு போயிட்டாம்மா. இப்பதான் போன் வந்துச்சு."

என் கை ஆடவில்லை. கேமரா சொடுக்கியது. நீங்கள் கேட்ட பார்வை அதுதான்.

அந்தம்மா அப்படியே தரையில் சரிந்தார். தண்ணீர் தெளித்தோம். காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். "செத்த மொகத்த நான் பாக்க மாட்டேன், என்னைக் கூப்பிடாதீங்க" என்று மேசைக் காலைக் கட்டிக்கொண்டார். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். குழந்தை உயிரோடுதான் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஓடியிருப்பார். சொன்னால் போட்டோகிராஃபர் அந்தப் படத்தைக் கழுவி அச்சுப் போடுவாரா? கிழித்துப் போட்டுவிட்டு என்னையும் வெளியே தள்ளியிருப்பார்.

மறுபடியும் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"கெளம்பிட்டாளா? கொழந்த வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா."

"வந்துகிட்டே இருக்காங்கம்மா" என்றேன்.

பொழுது சாய்ந்த பிறகுதான் அவரைத் தூக்கிக் காரில் ஏற்றினோம். அதற்குச் சற்று முன்னால்தான் குழந்தை கண்ணை மூடியதாம். எந்த நேரத்துக்கு யார் போன் செய்தார்கள் என்றெல்லாம் இழவு வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்? அந்தப் படத்தால் ஸ்டுடியோ பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது. என் மனைவி இன்னும் சில வருஷம் மூச்சு விட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நான் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.