சீனக்கடைப் பை

சத்தியபாமா: உதென்னடா தம்பி, திரும்பவும் சீனாக்காரற்றை கடையோ?

யோகராசா: ஓம் அக்கா. கறுத்த எள்ளு, வால்நட், பிறகு... இந்தக் காய்ஞ்ச சிவப்புப் பழம். பேர் வாயிலை வராது.

சத்தியபாமா: முதல்லை சப்பாத்தைக் கழட்டு. வீடெல்லாம் பனித்தண்ணி.

யோகராசா: கறுத்த சாமானெல்லாம் கிட்னிக்கு நல்லதாம். கடைக்கார அம்மா சொன்னவ. கறுத்த பீன்ஸை அவிச்சு, அந்தத் தண்ணியையும்...

சத்தியபாமா: கறுப்பு நல்லதெண்டால் என்ரை கிட்னி ஏன்ரா பழுதாப்போனது? என்ரை நிறத்தைப் பார்!

யோகராசா: பகிடி விடாதேங்கோ. போன கிழமை தந்த பீன்ஸ் முடிஞ்சுதோ?

சத்தியபாமா: ஓ... முடிஞ்சுது.

யோகராசா: ஒரு கிலோவும்?

சத்தியபாமா: ஓமெண்டுறன். இரு, தேத்தண்ணி போடுறன்.

யோகராசா: நீங்கள் இருங்கோ. டயாலிசிஸ் செய்துபோட்டு இப்பதானே வந்தனீங்கள். நான் போடுறன்.

சத்தியபாமா: எனக்கு அரைக் கோப்பை காணும். தண்ணி அளவோடைதான் குடிக்கலாம்.

யோகராசா: சீனி எங்கை... இந்த அலுமாரிக்குள்ளையோ?

சத்தியபாமா: அதைத் திறக்காதை!

யோகராசா: உது நான் தந்த பையளெல்லோ...

சத்தியபாமா: திறந்திட்டியே.

யோகராசா: அக்கா... எல்லாம் அப்பிடியே கிடக்குது. 2005 எண்டு திகதி போட்ட பழைய எள்ளுப் பைக்கட்டுக்கூடப் பிரிக்கேல்லை.

சத்தியபாமா: எனக்கு உதொண்டும் சாப்பிடக்கூடாதடா. கொட்டை, பீன்ஸ், காய்ஞ்ச பழம்... ஒண்டும் கூடாது. பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நிண்டுபோகுமாம். நேர்ஸ் எழுதியே தந்தவ.

யோகராசா: ஐயோ! அப்ப இவ்வளவு காலமும் நான் உங்களுக்கு நஞ்சையெல்லோ காவிக்கொண்டு வந்திருக்கிறன்! ஏன் சொல்லேல்லை?

சத்தியபாமா: விடு. நீ குறொன்லாண்ட் கடையிலை இருந்து இந்த ட்வெய்ட்டா வீடு மட்டுக்கும் பனிக்குள்ளை தூக்கிக்கொண்டு...

யோகராசா: தூக்கிக்கொண்டு வந்தது ஏனெண்டு தெரியுமோ?

சத்தியபாமா: இந்தா, நானே ஊத்திட்டன். தேத்தண்ணி ஆறப்போகுது.

யோகராசா: அக்கா, உங்களுக்குத் தரவெண்டு டெஸ்ட் செய்த என்ரை கிட்னி சேரேல்லை எண்டு சொன்னனானெல்லோ...

சத்தியபாமா: சேராட்டில் நீ என்ன செய்வாய்? குடி.

யோகராசா: சேர்ந்தது.

சத்தியபாமா: இப்ப ஏன் உந்தக் கதை?

யோகராசா: எல்லாம் சேர்ந்தது. டொக்டர் கடைசியாக் கேட்டார், முழு மனசோடை தாறியோ எண்டு. நான்... ஏலாதெண்டிட்டன். வெட்டப்போயினம் எண்டு பயந்துபோனன். என்ரை சின்ன மகளுக்கு அப்ப ரெண்டு வயசு. அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு அவரைக் கெஞ்சினனான்.

சத்தியபாமா: அழாதை.

யோகராசா: என்னை வளர்த்த உங்களுக்கு எள்ளைக் காட்டி ஏமாத்தியிருக்கிறன். உங்கடை முகத்தைப் பார்க்கவே வெக்கமாக் கிடக்குது. பேசுங்கோ அக்கா... ரெண்டு அடியெண்டாலும் அடியுங்கோ.

சத்தியபாமா: எனக்கு அண்டைக்கே தெரியுமடா. சேரேல்லையெண்டு சொல்ல வந்தவன் சப்பாத்தும் கழட்டாமல், என்னைப் பாராமல், வாசல்லையே நிண்டு சொல்லிப்போட்டு ஓடினனீ. பிள்ளைக்காரனிட்டைப் போய் கிட்னி கேட்டனே எண்டு எனக்கும் வெக்கம்தான். அடுத்த கிழமை நீ முதல் பையோடை வந்தனீ. அதை வேண்டாமெண்டால் வெறுங்கையோடை வர வெக்கப்பட்டு நீ பிறகு வரவே மாட்டாய் எண்டுதான், வாங்கி வாங்கி அடுக்கினனான்... இனி வெறுங்கையோடை வா.