முதலில் கோழி

தாடி மேல் எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை, அய்யா. அரிக்கிறது. சாப்பிட்டால் பாதி அதிலேயே தங்கிவிடுகிறது. படுத்தால் கழுத்தைக் குத்துகிறது. இதை மழிக்க நான் நம்புகிற கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அதைப் பக்கத்து அறையில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன்.

என் மச்சானை விட்டுவிடுங்கள். குடித்துவிட்டுக் கத்தியை எடுத்தான் என்று எழுதியிருக்கிறீர்களாம். அவன் என் மனைவியின் தம்பி, அரை டவுசர் போட்ட காலத்திலிருந்து தெரியும். அவன் குடிப்பது டீ மட்டும்தான். அந்த டீயைத் தினமும் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

நான் படிக்காதவன். ஆனால் யாரையும் நம்பாமல் இருக்கத் தெரியும். அப்படி இருந்ததால்தான் இந்த வயது வரை வந்திருக்கிறேன். எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுகிற வேலை பார்த்தவன். நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆளைக் கொல்லும். உள்ளே காற்று நல்லதா கெட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதிகாரி வருவார், மூடிக்குப் பக்கத்தில் மூக்கை நீட்டுவார், "ஒண்ணும் இல்ல, எறங்குங்க" என்பார். அவர் இறங்க மாட்டார்.

எங்கள் மேஸ்திரி விவரமானவர். ஒரு கோழியைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி முதலில் இறக்குவார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுவோம். பிறகு எட்டிப் பார்ப்போம். கோழி நின்றுகொண்டிருந்தால் இறங்குவோம். தலையைத் தொங்கப் போட்டிருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. கோழி மேல் யாருக்கும் கோபம் கிடையாது. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. கோழி உள்ளே இருக்கும்போது மேலேயிருந்து யாரும் சத்தம் போடக் கூடாது. மிரண்டுபோய்ப் படுத்துக்கொண்டால், காற்று கெட்டதா கோழி பயந்ததா என்று தெரியாமல் போய்விடும்.

எனக்கு அடிக்கடி ஒன்றுக்குப் போகிற தொல்லை. என் மகள் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். அவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாத்திரை எழுதினார். மருந்துக்கடைக்காரர் பரவாயில்லை, விளக்கமாகச் சொன்னார்.

"பெரியவரே, இதுல வாய் காயும். சில பேருக்குத் திடீர்னு கண்ணு மங்கலாத் தெரியும். அப்படி ஏதாவது ஆனா மாத்திரையை நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்ட வந்துடுங்க."

"சில பேருன்னா யாருக்கு?"

"அது போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"நீங்க போட்டுப் பார்த்தீங்களா?"

அவர் சிரித்தார். "எனக்கு அந்தத் தொல்லை இல்லையே."

பாருங்கள், அதே அதிகாரி, அதே மூக்கு.

மச்சானுக்கு என்னைப் போலவே தொல்லை. ஒரு சவரம் முடிவதற்குள் கத்தியை வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடுவான். கன்னத்தில் நுரையோடு ஆள்கள் காத்துக்கிடப்பார்கள். அதே வயிறு, வயதும் ரொம்பக் குறைவில்லை. இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பான்? தினமும் காலையில் நான் பிளாஸ்கில் டீ கொண்டுபோவேன். அவன் எனக்குச் சவரம் செய்வான், பிறகு இருவரும் குடிப்போம். மாத்திரையைப் பொடியாக்கி அவன் தம்ளரில் கலந்தேன். "மாத்திரை போட்டாச்சாப்பா?" என்று மகள் கேட்டாள். "போட்டாச்சும்மா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

அய்யா, மருந்து நல்ல மருந்து. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மச்சான் ஓடுவதை நிறுத்திவிட்டான். வாய் மட்டும் காய்ந்தது, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். "மாமா, நான் திரும்ப வாலிபனாயிட்டேன், பொண்ணு பாருங்க" என்றான். கடையே சிரித்தது. எனக்கும் மனசு நிறைந்தது. கோழி நிற்கிறது.

ஆனால் நான் சட்டென்று நம்புகிறவன் இல்லை. ஒரு மாத்திரைக்கு நிற்கிறது, இரண்டு மாத்திரைக்கு நிற்குமா என்று பார்க்க வேண்டாமா? இரண்டாக்கினேன். கொஞ்ச நாளில் ஒரு காலை, நான் போனபோது அவன் சுவர்க் கண்ணாடியைத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன எழவோ தெரியல மாமா. எவ்வளவு தொடச்சாலும் பனி படிஞ்ச மாதிரியே இருக்கு."

நான் பார்த்தேன். கண்ணாடியில் என் மூக்கு மயிர்கூட எண்ணுகிற மாதிரித் தெரிந்தது.

"அழுக்குத்தான் மச்சான். பழைய கண்ணாடி, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

மிரட்டக் கூடாது என்று முன்பே சொன்னேனே. அன்றைக்கும் டீ கொடுத்தேன். அதன் பிறகு வாசலோர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவனைக் கவனித்துவந்தேன்.

நீங்கள் கேட்கிற அந்தக் காலையில் வந்தது அதே மருந்துக்கடைக்காரர்தான். நல்ல மனிதர், பார்த்ததுமே விசாரித்தார்.

"என்ன பெரியவரே, மாத்திரை ஒத்துக்குதா?"

"அருமையா ஒத்துக்குது."

"கண்ணு?"

"பருந்துக் கண்ணு."

"பருந்துக்கு எதுக்கு மாமா மாத்திரை?" என்றான் மச்சான். மூன்று பேரும் சிரித்தோம்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். மச்சான் கழுத்துக்கு நுரை போட்டான், காதுக்கும் கொஞ்சம் போட்டான். அவர் கூச்சத்தில் நெளிந்தார். பிறகு கத்தியைத் தேடினான். கண் முன்னாலேயே இருந்தது, தடவித்தான் எடுத்தான். நான் பெஞ்சில் இருந்தேன். ஒரு வார்த்தை போதும், எனக்குத் தெரியும். ஆனால் கோழி உள்ளே இருக்கிறது, அய்யா. வாயைத் திறக்கவில்லை.

கத்தி இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி இறங்கியது. அவர் ஆஸ்பத்திரி வாசல் வரைகூடத் தாங்கவில்லை. போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று சொன்னவர் அவர்தான். தெரிந்துவிட்டது. நல்லவேளை, நான் ஒன்றுகூட முழுங்கவில்லை. மீதி இதோ சட்டைப்பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மச்சானுக்கு நிறுத்திவிட்டால் கண் தெளிந்துவிடும் என்கிறார்கள். பிழைத்த கோழி அவன். அவனை வீட்டுக்கு அனுப்பினால் முதல் வேலையாக இந்தப் புதரை மழிக்கச் சொல்வேன்.

என்மேல் என்ன குற்றம் வருகிறது என்பதுதான் புரியவில்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அவனுக்குக் கண் மங்கியது எனக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடிதான் அழுக்கு என்று மனசார நினைத்தேன்.

தாடியா? எப்போதிலிருந்து என்றால், மச்சான் கண்ணாடியைத் துடைத்தானே, அன்று காலையிலிருந்துதான். "என்ன மாமா, சாமியாராப் போகப் போறீங்களா? உக்காருங்க" என்று நாற்காலியைத் தட்டினான். "இருக்கட்டும் மச்சான், கன்னத்துக்கும் லீவு வேணும்ல" என்று பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

வேறு காரணம் ஒன்றும் இல்லை, அய்யா. சும்மா, ஒரு ஆசைக்குத்தான்.