அணைத்து வைத்த எண்

வெளிநாடு போகிறவர்கள் ஈ-சிம்மை ஊரிலேயே போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் நல்லது, மேடம். அங்கே போய் இறங்கிய பிறகு கடை தேடி, வரிசையில் நின்று, யாரோ ஒருவர் எச்சில் தொட்ட விரலால் நம் பாஸ்போர்ட்டைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. வைஃபை இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வாங்கிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சிம் அட்டை எதையும் தொடக்கூட வேண்டாம். எனக்கு அதுதான் மிகவும் பிடித்திருந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லி, ஸ்டேஷனில் உட்காரவைத்துக் காகிதமும் பேனாவும் கொடுத்தீர்கள். பேனாவின் பின்பக்கம் யாரோ கடித்த பல் தடம் இருந்தது. வேறு பேனா கேட்டேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ஆயுள் முழுக்க மற்றவர்களை அப்படிப் பார்த்தே பழகியவன் நான்.

என் பெயர் அருணேஷ். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. குருக்கள் குடும்பம். என் அப்பா குஞ்சிதபாதம் குருக்கள் நாற்பது வருடம் ஊர் ஊராகப் போய்க் கும்பாபிஷேகம் செய்துவைத்தவர். யாகசாலை முழுவதற்கும் தலைமை ஏற்கிறவரைச் சர்வசாதகர் என்போம். அந்த ஆசனம் எப்போதும் அவருக்குத்தான். பதினெட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து ஹோமத்துக்குச் சமித்துக் குச்சி எடுத்துக் கொடுத்தேன். யாராவது என்னைத் தனியாக அழைத்தால், "அவன் இன்னும் கொஞ்சம் கத்துக்கட்டும்" என்று என் எதிரிலேயே சொல்லி அனுப்பிவிடுவார். மந்திரத்தில் நான் ஓர் எழுத்தும் தவறியதில்லை. அதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அப்பாவைப் பார்த்துக்கொண்டது நான்தான். அடி அண்ணாமலையிலிருந்து மணியம்மாள் காலையும் மாலையும் வந்து, உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுப் போவாள். நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று, சரியாகச் செய்கிறாளா என்று பார்ப்பேன். உள்ளே போக என்னால் ஆகாது. வாயோரம் காய்ந்த கஞ்சி, முதுகுப் புண்ணின் சீழ் வாடை, மூத்திரத் துணி. இவை எல்லாவற்றையும்விட அந்த இடது கை. யார் அருகில் போனாலும் எட்டிப் பிடித்துக்கொள்ளும். ஈரமாக, பிசுபிசுவென்று இருக்கும். ஒருமுறை, பூஜைக்காகக் குளித்து உடுத்திய என் மடி வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்று மூன்று முறை குளித்தேன், அப்படியும் சோறு இறங்கவில்லை.

அவருக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் என் எண்ணுக்கு அழைப்பு வரும், ஸ்பீக்கரும் தானாக ஆன் ஆகிவிடும். சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும். வேலூரில் இருக்கும் அக்கா அபீதகுஜாம்பாளின் எண்ணையும் அதில் போட்டிருக்கலாம். போடவில்லை.

மலேசியாவில் ஒரு தோட்டத்துக் கோயில்காரர்கள் என்னைச் சர்வசாதகராக அழைத்தார்கள். என் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். புதன்கிழமை கிளம்ப வேண்டும், வியாழன் மாலை காப்புக் கட்டு, ஞாயிறு கும்பாபிஷேகம். அந்த வாரம் திங்கட்கிழமை காலை மணியம்மாள் அப்பாவின் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"சாமி, பெரியவருக்கு இருமல் ஜாஸ்தியாயிடுச்சு. மூச்சு இழுக்குது. ஆஸ்பத்திரில சேத்துட்டுப் போங்க சாமி."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவும் செய்தேன், நிலைப்படியில் நின்று. அவள் சொன்னது சரி. ஒரு வாரம் தாங்காது என்று எனக்கே தெரிந்தது.

தீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பா போய்விட்டால் எனக்குப் பத்து நாள் தீட்டு. அது முடிந்தாலும், கொள்ளி வைத்த மகன் ஒரு வருடம் பெரிய காரியம் எதிலும் உட்கார முடியாது. என் ஆசனத்தில் ஒன்றுவிட்ட அண்ணன் பரசுராமன் உட்கார்ந்துவிடுவான். வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிய மந்திரம் சொல்கிறவன் அவன். ஆனால் சாஸ்திரத்துக்கு இரக்கம் உண்டு. சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு. தெரியாமல் செய்த காரியத்துக்குத் தோஷம் கிடையாது. கையில் காப்புக் கட்டிவிட்டாலோ, அதை அவிழ்க்கும்வரை எந்தத் தீட்டும் ஒட்டாது. ஆக, வியாழன் மாலைவரை எனக்கு எதுவும் தெரியாமல் இருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மணிக்கொரு தரம் யாராவது கூப்பிடுவார்கள்.

ஈ-சிம் போட்டுக் கொடுத்தது தேரடித் தெருவில் மொபைல் கடை வைத்திருக்கும் கோபி. அவனை இதில் இழுக்காதீர்கள். பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தான்.

"சாமி, இப்ப உங்க போன்ல ரெண்டு லைன் இருக்குது. மேல இருக்கறது உங்க பழைய நம்பர், கீழ டிராவல். அங்க எறங்கனதும் டிராவலுக்கு மட்டும் டேட்டா ரோமிங் ஆன் பண்ணிக்குங்க. பழைய நம்பரை ஆஃப் பண்ணிடாதீங்க. பெரியவர் கூப்ட்டா ரிங் வரணும் இல்ல?"

"ஆஃப் பண்ணினா என்ன ஆகும்?"

"அவருக்கு லைன் கெடைக்காது. உங்களுக்கும் யார் கூப்ட்டாங்கன்னே தெரியாது."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். தெரியாது என்று அவன் சொன்னது வீடு வந்து சேரும்வரை மனதுக்கு இதமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மணியம்மாளிடம், "பௌர்ணமிக்குக் கடை போடணுமே நீ. ஒரு வாரம் லீவு எடுத்துக்கோ, அக்கா வந்து பார்த்துப்பா" என்றேன். கிரிவலப் பாதையில் அவளுக்குப் பொரிகடலைக் கடை உண்டு. சந்தோஷமாகப் போனாள். அக்காவிடம் போனில், "மணியம்மாள் இங்கயே தங்கிக்கறா, நீ அலைய வேண்டாம்" என்றேன். அவளுக்கும் நிம்மதி. நான் ஒருத்தியிடம் சொன்னதை இன்னொருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் அவர்களுக்குள் இல்லை.

புதன்கிழமை காலை, குளிப்பதற்கு முன், அப்பாவின் இடது கைப்பக்கம் ஸ்டூலில் மூன்று வாழைப்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்தேன். பாட்டிலின் சீல்கூட உடைக்கப்படவில்லை, ஒற்றைக் கையால் அதைத் திறக்க முடியாது என்று நீங்கள் சொன்னீர்கள். அது எனக்குத் தோன்றவில்லை. பிறகு குளித்தேன், மடி உடுத்தினேன், கூடத்தில் உட்கார்ந்து பழைய எண்ணை அணைத்தேன். கார் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்." நிறுத்தி நிதானமாக, நல்ல உச்சரிப்பில் சொன்னது. கொஞ்ச நேரம் இருமல். மறுபடியும் அதே குரல். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பதினோரு முறை கேட்டேன். உள்ளே போனால் அந்தக் கை பிடித்துக்கொள்ளும், மறுபடி குளிக்க வேண்டும், காரும் வந்துவிடும். பிறகு சத்தம் நின்றது. அவர் போய்விட்டார் என்று நினைத்தேன். நினைப்பது செய்தி ஆகாது. போய் எட்டிப் பார்த்திருந்தால்தான் எனக்குத் தெரிந்திருக்கும். வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடு, இன்னொரு பக்கம் லாட்ஜ். பௌர்ணமிக் கூட்டத்தில் யார் முனகல் யாருக்குக் கேட்கும்.

நேற்று அந்தப் போனின் அழைப்புப் பட்டியலை என் முன் வைத்தீர்கள். மொத்தம் அறுபத்து மூன்று. கடைசி அழைப்பு வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்து. எனக்கு வியாழன் மாலையே காப்புக் கட்டியாகிவிட்டது. அதன் பிறகு எந்தச் செய்தியும் என்னை ஒன்றும் செய்திருக்காது, அப்போதாவது ஏன் பழைய எண்ணை ஆன் செய்யவில்லை என்று கேட்டீர்கள். அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன். செட்டிங்ஸைத் திறந்து அந்த வரிக்கு மேல் விரலையும் கொண்டுபோனேன். ஒருவேளை மணி அடித்தால் என்று தோன்றியது. அவர் வாய் திறந்து எதுவும் சொல்லப்போவதில்லை, அந்த இழுப்பும் எச்சில் சத்தமும்தான் காதில் விழும். போனைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை அக்கா வாட்ஸ்அப்பில் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாள். நன்றாக இருக்கிறார், இருமல் கம்மி என்று பதில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வந்து இறங்கினேன். தெருமுனையிலேயே வாடை. நான் கதவைத் திறக்கவில்லை. மணியம்மாளை வரவழைத்தேன். சாவியை அவள் கையில் கொடுக்காமல் படியில் வைத்தேன். உள்ளே போனவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து சாக்கடையோரம் வாந்தி எடுத்தாள். நான் நான்கடி தள்ளி நின்றேன்.

"போனைக் கையில புடிச்சிக்கினே போயிட்டாரு" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா வரும்னு சொன்னியேய்யா. தூ, நீ ஒரு மனுசனா?"

அவள் துப்பியது என் வேட்டியில் பட்டது. அதை மட்டும் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஆனால் செய்தி சொன்னவள் அவள்தான். மணி பார்த்தேன், ஏழு நாற்பது. என் தீட்டு அப்போதுதான் ஆரம்பம்.

"அவர் சாகப்போறார்னு உனக்குத் தெரியும், இல்ல?" என்று கேட்டீர்கள். தெரியும். சாகப்போகிறார் என்பதற்குத் தீட்டு கிடையாது, மேடம்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். மணியம்மாளை அனுப்பியது நான். அக்காவை வராமல் செய்தது நான். எண்ணை அணைத்துவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டிருந்ததும் நான். இதைக் கொலை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். நான் தீட்டோடு கும்பாபிஷேகம் செய்தேன் என்று பரசுராமன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறானாம். அது பொய். ஞாயிற்றுக்கிழமை கலசத்தில் தீர்த்தம் ஊற்றியபோது என் கை சுத்தமாகத்தான் இருந்தது.